அறுபத்தைந்து முதல் எண்பது வரை

கைக்கு வேலை கொடுத்தவர், கண்ணையும் சேர்த்தே வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். அந்த அச்சகத்தின் முதலாளியும் அப்படித்தான் நினைத்தார். "அச்சிடுவது நம் வேலை, படிப்பது ஊரார் வேலை" என்று கொட்டை எழுத்தில் அடித்து, புத்தகம் கட்டும் பிரிவின் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தார். அந்த வாசகத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, பதினோரு ஆண்டுகளாக ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள்.

அச்சான பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதற்கு ஃபாரம் என்று பெயர். நீண்ட மேசையின் மேல் முதல் ஃபாரம், இரண்டாம் ஃபாரம் என்று கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள். மேசையைச் சுற்றி நடந்து, கட்டுக்கு ஒன்றாக எடுத்துக் கோர்த்தால் ஒரு புத்தகம். அந்த வேலையைச் செய்தவளை எல்லோரும் கோர்வையக்கா என்றார்கள். அவளுக்கு முன்னால் அந்த மேசையைச் சுற்றியவள், ஒரு கல்லூரி மலரில் ஒரே ஒரு ஃபாரத்தைத் தலைகீழாக வைத்தாள். மறுநாளே நேராக வாசலுக்கு அனுப்பப்பட்டாள். கோர்வையக்காவின் கணவன் கப்பலில் சமையற்காரன். ஆண்டுக்கு ஒருமுறை கரையைப் பார்ப்பான். வீடு நடந்தது இவள் மேசையைச் சுற்றி நடந்ததால்தான்.

எனவே அவள் கவனமாக இருந்தாள். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு சிறு கறுப்புக் கட்டம் இருக்கும். முதல் ஃபாரத்தில் உச்சியில், அடுத்ததில் சற்றுக் கீழே, அதற்கடுத்ததில் இன்னும் கீழே. சரியாகக் கோர்த்தால் புத்தகத்தின் முதுகில் கறுப்புப் படிக்கட்டு ஒன்று இறங்கிவரும். படி தவறினால் பிழை. அவள் கட்டிய எந்தப் புத்தகத்திலும் இதுவரை படி தவறியதில்லை.

கண்ணில் பட்டதையெல்லாம் படித்தாள் என்றாலும், அவள் கேட்டு வாங்கிப் படித்தவை அறிவியல் புனைகதைகள் மட்டுமே. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவளிடம் நேரான விடை இருந்தது. மற்ற புத்தகங்கள், உலகம் இப்படித்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள் என்றன. இந்தப் புத்தகங்கள்தாம், நாளை என்று ஒன்று உண்டு, அது இன்றைப் போலவே இருந்தாக வேண்டும் என்று யாரும் முத்திரை குத்தித் தரவில்லை என்றன.

அவள் நாத்தனார் இதை ஒப்புக்கொள்வதில்லை. தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே கேட்பாள்:

"செவ்வாய் கிரகத்துல தண்ணி இருக்கான்னு பக்கம் பக்கமா எழுதறாங்களே அண்ணி, நம்ம தெருவுல இருக்கான்னு ஒருத்தனாவது எழுதியிருக்கானா?"

அவர்கள் வாழ்ந்த மூன்றாம் வார்டில் குழாய்கள் சுவருக்கு அழகு சேர்க்கவே இருந்தன. தண்ணீர் லாரியில் வந்தது, வராமலும் இருந்தது.

ஞாயிறு பிற்பகல்களில் அதே வார்டின் பல் மருத்துவமனையில் வாசகர் வட்டம் கூடும். உறுப்பினர் ஒன்பது பேர். அன்றைக்குப் பேச வேண்டியவர், பல் பிடுங்கும் நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொள்ள வேண்டும் என்பது வட்டத்தின் விதி. புத்தகத்தை முழுதாகப் படிக்காமல் வந்தவர் முகத்துக்கு நேரே டாக்டர் விளக்கைப் போடுவார். அந்த வெளிச்சத்தில் பொய் சொல்லித் தப்பியவர் எவருமில்லை.

வட்டத்துக்குள் இரண்டு கட்சிகள். வானிலை அலுவலகத்தில் ஓய்வுபெற்றவரான வானிலை ஐயா பழைய கட்சி. ராக்கெட் கிளம்ப வேண்டும், இயந்திர மனிதன் எசமானனை எதிர்த்து ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும், கடைசியில் மனிதன் தன் அறிவை எண்ணி நாணவோ நிமிரவோ வேண்டும். பல் டாக்டர் புதிய கட்சி. அவருக்குக் கதாநாயகன் ஆகாது. கதை இருந்தாலே சற்று முகம் சுளிப்பார்.

அந்த ஞாயிறு எடுத்துக்கொண்ட புத்தகம், பழையதும் புதியதுமாகப் பத்துக் கதைகளின் தொகுப்பு. கோர்வையக்காவின் அச்சகத்திலேயே அச்சானது. முதலில் கட்டி முடித்த ஐம்பதிலிருந்து ஒன்பது பிரதிகளைப் பதிப்பாளர் வட்டத்துக்கு அனுப்பியிருந்தார். வாரம் முழுதும் கூடுதல் வேலை பார்த்த கோர்வையக்கா, அன்று காலை தண்ணீர் வரிசையில் நின்றபடி நான்காம் கதையின் நடுவில், அறுபத்துநான்காம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தபோது லாரி வந்துவிட்டது. செந்நிறக் கோள் ஒன்றில் குடியேறியவர்களின் கதை அது. "குடியேற்றத்தின் முதல் விதி என்னவென்றால், தண்ணீரைப் பங்கிடும் தலைவர்" என்பதோடு பக்கம் முடிந்தது. தலைவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்குள் குடம் நகர்ந்தாக வேண்டியிருந்தது.

"நாலாவது கதையைப் பத்தி ஒரே வார்த்தைல சொல்லிடறேன்" என்றார் நாற்காலியில் சாய்ந்திருந்த வானிலை ஐயா. "பாதி வரைக்கும் பிரமாதம். அதுக்கப்புறம் ராக்கெட்டும் கெளம்பல, மனுஷனும் கெளம்பல. கெளம்பினது என் தலைவலி ஒண்ணுதான்."

"ஐயா, நீங்க இன்னும் நிலாவுலயே கால் ஊனி நிக்கறீங்க!" டாக்டர் துள்ளி எழுந்தார். "அந்த ரெண்டாவது பாதிதானே கதையே! கேளுங்க. 'தண்ணீரைப் பங்கிடும் தலைவர்...' அப்படியே பக்கத்தைத் திருப்பறோம்... 'அவர்களின் ஒப்புதலோடு, நடப்பாண்டில் மூன்றாம் வார்டின் எல்லா வீடுகளுக்கும் இருபத்துநான்கு மணி நேரமும் தடையின்றிக் குடிநீர் வழங்கப்பட்டது.' மூணாம் வார்டு! நாம உக்காந்திருக்கற இதே வார்டு! நோயாளி வாய் கொப்புளிக்க நான் கேன் தண்ணி வாங்கறேன். இவரு இருபத்துநாலு மணி நேரம்ங்கறாரு. இது என்ன? இணை உலகம்! நம்ம பக்கத்துலயே இருக்கற, நமக்குக் கிடைக்காத உலகம்! ஒரு ஆச்சரியக்குறி கூடப் போடாம சொல்றாரு பாருங்க!"

கோர்வையக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதுக்கப்புறம் ஒரு அட்டவணை" என்று டாக்டர் பக்கத்தை விரலால் தட்டினார். "பதிமூணு தெரு. கசிவு: இல்லை. கசிவு: இல்லை. கசிவு: இல்லை. பதிமூணு தடவை! ஒரு நாகரிகத்தோட மொத்த வெறுமையையும் ஒரே சொல்லுல கொண்டுவந்து நிறுத்திட்டாரு. நான் ரெண்டு நாளா தூங்கல."

"எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு" என்றார் வானிலை ஐயா.

"அக்கா, நீங்க சொல்லுங்க. நாற்காலிக்கு வாங்க."

கோர்வையக்கா ஏறிச் சாய்ந்தாள். அறுபத்துநான்கு வரைதான் படித்தேன் என்றாள். விளக்கு முகத்தில் விழுந்தது. டாக்டர் நீட்டிய புத்தகத்தில் அறுபத்தைந்தாம் பக்கத்தைப் பார்த்தாள். அந்த அட்டவணையை அவளுக்குத் தெரியும். பத்து நாளுக்கு முன்னால் அதே மேசையில், நகரசபை குடிநீர்த் துறையின் ஆண்டறிக்கைக் கட்டுகளை அடுக்கும்போது, அதைத் தாண்டி அவள் கை போயிருந்தது.

"டாக்டர், இது... இதே ஆளு எழுதின மாதிரி இல்லையே" என்று மெல்ல இழுத்தாள்.

"அதுதாங்க்கா உத்தி! நீங்க புத்தகம் கட்டறவங்க, எல்லாம் வரிசையா வந்தாத்தான் உங்களுக்கு நிம்மதி. புது இலக்கியம் வரிசையை உடைக்கும்."

"உடைஞ்சது நல்லாத் தெரியுது டாக்டர்" என்றாள் அவள். உண்மையைச் சொல்ல வாய் திறந்தே இருந்தது. அந்த நாற்காலியில் எல்லோருக்கும் வாய் திறந்தேதான் இருக்கும். ஆனால் பல் போனாலும் மெல்லலாம், வேலை போனால் எதை மெல்வது? மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாகக் கிடங்குக்குள் போய்ப் பார்த்தாள். கதைத் தொகுப்பும் அறிக்கையும் ஒரே வாரத்தில் அச்சானவை. ஒரே அளவு, ஒரே தாள், ஒரே எழுத்து. இரண்டிலும் ஐந்தாம் ஃபாரம் அறுபத்தைந்து முதல் எண்பது வரை. இரண்டின் முதுகிலும் கறுப்புக் கட்டம் ஒரே இடத்தில். ஐம்பது தாள் கொண்ட ஒரு கட்டு, மேசையில் மற்றதன் கட்டோடு இடம் மாறி அமர்ந்திருக்கிறது. படிக்கட்டு படி தவறாமல் இறங்கியது. இறங்கிய இடம்தான் அடுத்த வீடு. அறிக்கை அச்சானதே மொத்தம் ஐம்பது பிரதி. அப்படியென்றால் நகரசபையின் கைக்குப் போன ஒவ்வோர் அறிக்கையின் நடுவிலும் செந்நிறக் கோள் சுழன்றுகொண்டிருந்தது.

உணவு இடைவேளையில் நகரசபைக்கு ஓடினாள். அட்டை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றதும், பதிவறை எழுத்தர் அலமாரியைத் திறந்துவிட்டார். மறுநாள் சபையில் தீர்மானமாக வைப்பதற்காகப் பிரதிகள் உறுப்பினர்களிடம் போய்த் திரும்பியும் வந்திருந்தன. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஒரு முத்திரை: "முழுமையாகப் படித்தேன், ஒப்புதல் அளிக்கிறேன்." அதன் கீழே கையெழுத்து. உறுப்பினர் அத்தனை பேரும் போட்டிருந்தார்கள். நகரசபைத் தலைவரும் போட்டிருந்தார். எல்லோருக்கும் முந்தி, தலைமைப் பொறியாளர் போட்டிருந்தார்.

முழுமையாகப் படித்தார்களாம்! நாட்டை ஆள்வதற்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டால் நாம் கொடியவர்கள் ஆகிவிடுவோம். படித்ததாகக் கையெழுத்துப் போட்டதைப் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதாவது குற்றமில்லாமல் இருக்கட்டும்.

அவள் அறுபத்துநான்காம் பக்கத்தைத் திறந்தாள். அறிக்கையின் அந்தப் பக்கம் இப்படி முடிந்தது: "மேற்கண்ட காரணங்களை முன்னிட்டுத் தலைமைப் பொறியாளர்." பக்கத்தைத் திருப்பினாள். கதை இப்படித் தொடர்ந்தது: "கடைசியில்தான் குடிக்க வேண்டும். எல்லா வீட்டுக் குடங்களும் நிறைந்த பிறகே அவர் வீட்டுக் குழாய் திறக்கப்படும். எந்தத் தெருவாவது வறண்டிருந்தால், அவர் அந்தத் தெருவின் வரிசையில் கடைசி ஆளாகக் குடத்தோடு நிற்பார்."

அங்கேயே நின்றபடி எண்பதாம் பக்கம் வரை படித்தாள். வெடித்த சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

"தண்ணி வேணுமாம்மா?" என்றார் எழுத்தர்.

"இருக்கா?"

"இல்ல."

அன்று மாலை வீட்டில் நாத்தனாரிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். நாத்தனார் தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். அது நிற்பது அபூர்வம்.

"அண்ணி, இது நாளைக்கு சபையில பாஸ் ஆயிடுமா?"

"ஆயிடும். யாரு படிக்கப்போறா?"

"பாஸ் ஆயிட்டா சட்டமா?"

"தீர்மானம்."

நாத்தனார் நூலைப் பல்லால் அறுத்தாள். பிறகு, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா, தெருப் பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் நான் கேப்பேன். வேணாம்னா இப்பவே மறந்துடறேன். வேலை உங்களுது, வாய் மட்டும்தான் என்னுது" என்றாள்.

கோர்வையக்கா மூலையில் அடுக்கியிருந்த குடங்களைப் பார்த்தாள். ஐந்தில் மூன்று காலி. தலைகீழாக வைத்த ஒரு ஃபாரத்துக்காக வாசலுக்குப் போனவளை நினைத்தாள். அவள் போன பிறகு எங்கே வேலை பார்க்கிறாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இத்தனை நாள் தான் படித்த கதைகளில் எத்தனை பேர் ஒரு பொத்தானை அழுத்தத் துணிந்தார்கள், எத்தனை பேர் ஒரு கதவைத் திறந்தார்கள்! படிக்கும்போதெல்லாம் "அழுத்துடா" என்று முணுமுணுத்தவள் அவள்தான்.

"அறுபத்தஞ்சாம் பக்கம்" என்றாள். "மறந்துடாதே."

செவ்வாயன்று தீர்மானம் ஒருமனதாக, மேசை தட்டலோடு நிறைவேறியது. புதனன்று முப்பது பெண்கள் முப்பது காலிக் குடங்களோடு நகரசபை வாசலில் நின்றார்கள். வெளியே வந்த தலைவரின் முன்னால் நாத்தனார் பதிவறையில் வாங்கிய அறிக்கையின் சான்றிட்ட நகலை விரித்து, அறுபத்தைந்தாம் பக்கத்தில் முடியும் அந்த வாக்கியத்தை உரக்கப் படித்தாள். கூட்டம் கூடியது, செய்தியாளர் இருவரும் கூடினார்கள்.

தலைவரின் முகத்தில் இரண்டு எண்ணங்கள் மோதியதைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இது என்ன என்று கேட்டால், படிக்காமல் கையெழுத்திட்டவர் ஆவார். கேட்காவிட்டால், மகான் ஆவார். அரை நொடியில் மகானாவது என்று முடிவெடுத்தார்.

"ஆமா!" என்று கை உயர்த்தினார். "இது என் நெடுநாள் கனவு! மக்கள் குடித்த பிறகே அதிகாரி குடிப்பார்! இப்படியொரு தீர்மானத்தை இந்த உலகத்துல எந்தச் சபையாவது போட்டதுண்டா?"

"இந்த உலகத்துல இல்லீங்க" என்றாள் நாத்தனார், மிகவும் பணிவாக.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமைப் பொறியாளர் அறிக்கையைக் கையில் சுருட்டிக்கொண்டு அச்சகத்துக்குள் நுழைந்தார். அன்று விடிந்ததிலிருந்து அவர் வீட்டுக் குழாய் பூட்டியிருந்தது. முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போட்டார், அவர் உட்காரவில்லை.

"யாருய்யா இதைக் கட்டினது?"

முதலாளியின் விரல் தானாக நீண்டது. கோர்வையக்கா கையிலிருந்த ஃபாரத்தைச் சீராக அடுக்கிவிட்டு வந்தாள்.

"நான்தான் சார். மேசையில கட்டு மாறிடுச்சு. தப்பு என்னுது."

"ஒத்துக்கிட்டாளா! இவளை இன்னிக்கே அனுப்பிடறேன் சார்" என்றார் முதலாளி.

"அனுப்புங்க மொதலாளி. ஆனா காரணத்தை எழுத்துல குடுங்க. அறிக்கைக்கு நடுவுல கதையை வெச்சுட்டேன்னு தேதி போட்டு எழுதுங்க. நான் வேற அச்சகத்துல வேலை கேக்கும்போது காட்டணும்ல?" அவள் பொறியாளர் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒரு கடுதாசி எழுதினா, உங்களுக்கும் எழுதணும் சார். நான் படிக்காம கட்டினேன். நீங்க படிச்சேன்னு கையெழுத்துப் போட்டீங்க. உறுப்பினருங்க எல்லாரும் போட்டாங்க. தலைவரு கனவுன்னே சொல்லிட்டாரு. அது கனவு இல்ல, கட்டுப் பிழைன்னு அவருகிட்ட யாரு போய்ச் சொல்றது? நீங்களா, நானா?"

முதலாளி எடுத்த பேனாவை மறுபடி பையில் செருகினார்.

"அப்படி என்னதான் இதுல இருக்கு!" என்று பொறியாளர் அறுபத்தைந்தாம் பக்கத்தை ஆத்திரத்தோடு பிரித்தார். சண்டைக்குச் சான்று தேடிப் பிரித்தவர், இரண்டாம் பக்கத்தில் சண்டையை விட்டார். மூன்றாம் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து, சென்ற ஆண்டு அறிக்கையில் ஆண்டை மட்டும் மாற்றி அனுப்பிவந்தவர் அவர். தம் பெயரால் வெளிவந்த ஒன்றை அவர் படிப்பது அன்றுதான் முதல் முறை. முதலாளி கொண்டுவந்து வைத்த தேநீரில் ஆடை படர்ந்தது. எண்பதாம் பக்கத்தின் கடைசி வரியில், செந்நிறக் கோளின் தலைவர் காலிக் குவளையோடு பெருந்தொட்டியின் மூடியைத் திறக்கிறார்.

பொறியாளர் பக்கத்தைத் திருப்பினார். எண்பத்தொன்றாம் பக்கத்தில், துறைப் பணியாளர்களின் விடுப்பு விவரம் இருந்தது.

"மூடியைத் தொறந்தாரு" என்றார். "அப்புறம்?"

கோர்வையக்கா அடுத்த ஃபாரத்தைக் கையில் எடுத்தாள். கதையின் தலையையும் வாலையும் தன் பிரதியில் படித்திருந்தாள். நடுவை நகரசபை அலமாரியில் படித்திருந்தாள். வெளியே போன பிரதிகளை வைத்துப் பார்த்தால், ஊரிலேயே அந்தக் கதையை முழுதாகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

"தொட்டியில தண்ணி இருந்துச்சா இல்லையாம்மா?"

"அது எண்பத்தொண்ணாம் பக்கம் சார். வேலை போன பொம்பளை என்னத்தைச் சொல்ல முடியும்?"

பொறியாளர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சுவரைப் பார்த்தார். சுவரில் அவருடைய வாசகம் இருந்தது.

"யாரும் யாரையும் அனுப்ப வேணாம்" என்றார் பொறியாளர். "தீர்மானம் போட்டது போட்டதுதான். கடைசிப் பக்கத்தை மட்டும் குடும்மா."

"வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு, மதியம் மூணு மணிக்குப் பல் ஆஸ்பத்திரிக்கு வாங்க சார். படிச்சுக் காட்டறேன்."

"எனக்குப் பல் நல்லாத்தானே இருக்கு?"

"வாங்க, பாத்துக்கலாம்."

அந்தப் பத்து நாளும் பொறியாளர் தீர்மானத்தின்படி மூன்றாம் வார்டின் வரிசையில் கடைசி ஆளாக நின்றார். முதல் மூன்று நாள் லாரியில் அவர் முறை வரும்போது தண்ணீர் தீர்ந்திருந்தது. நான்காம் நாள் அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, ஆட்களோடும் கடப்பாரையோடும் தெருவைத் தோண்டினார். எந்த ஆட்சியும் தோண்டாத தெரு அது.

குறித்த ஞாயிறு வந்தது. பொறியாளர் கதவருகே தயங்கி நின்றார். கோர்வையக்கா அவரை உள்ளே அழைத்துவந்து, டாக்டரின் முன்னால் நிறுத்தினாள்.

"டாக்டர், நாலாவது கதையோட ரெண்டாவது பாதி உங்களைத் தூங்க விடலன்னு சொன்னீங்கல்ல? அறுபத்தஞ்சு முதல் எண்பது வரைக்கும் எழுதினவரு இவருதான்."

டாக்டர் பாய்ந்து இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "ஐயா! நீங்களா! எவ்வளவு எளிமையா இருக்கீங்க! அடுத்து என்ன எழுதறீங்க?"

"வருஷத்துக்கு ஒண்ணுதாங்க" என்றார் பொறியாளர் ஒன்றும் புரியாமல். "எப்பவும் அதையேதான் எழுதறது."

"கேட்டீங்களா ஐயா? ஒரே படைப்பைத் திரும்பத் திரும்ப எழுதறாராம்! இதல்லவா தவம்!"

"உங்க கதையில ஒரே ஒரு ராக்கெட்டாவது வெச்சிருக்கக் கூடாதா தம்பி?" என்றார் வானிலை ஐயா.

பொறியாளரை நாற்காலியில் ஏற்றிச் சாய்த்தார்கள். கோர்வையக்கா தானே விளக்கை இழுத்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். டாக்டர் புத்தகத்தை விரித்து, பக்தியோடு கேட்டார்:

"அந்த அட்டவணை, ஐயா. பதிமூணு தெரு. பதிமூணு 'இல்லை'. அதை எந்த மனநிலையில எழுதினீங்க?"

வெளிச்சத்தில் பொறியாளரின் கண் கூசியது. அவருடைய கைகளில் இன்னும் சேற்றுக் கறை இருந்தது. பொய் சொல்லத் தெரியாதவரல்லர். ஆனால் அந்த விளக்கு அப்படிப்பட்டது.

"தெரியாம எழுதிட்டேங்க" என்றார். "நேத்து இந்த ஒரு தெருவுக்கு மட்டும் 'உண்டு'ன்னு மாத்தியிருக்கேன். ரெண்டு ஆள் உயரத்துக்குப் பீச்சி அடிச்சுது, அடைச்சாச்சு. மிச்சம் பன்னெண்டு தெரு இருக்கு."

பிறகு டாக்டர் எழுந்து, சுவரோரம் இருந்த தொட்டிக்குப் போய், பல மாதமாகத் தொடாத குழாயைத் திருகினார். அது முதலில் செருமியது, பிறகு துப்பியது, அதற்குப் பிறகு ஒழுங்காக ஓடத் தொடங்கியது.

பொறியாளர் நாற்காலியிலிருந்தபடியே கோர்வையக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பவாவது படிம்மா. மூடியைத் தொறந்தாரு. அப்புறம்?"

கோர்வையக்கா ஒரு குவளையில் தண்ணீர் பிடித்து முதலில் வானிலை ஐயாவுக்குக் கொடுத்தாள். பிறகு டாக்டருக்கு, பிறகு மற்ற ஆறு பேருக்கும். தானும் குடித்தாள். கடைசியில் பொறியாளர் கையில் குவளையைக் கொடுத்துவிட்டு, எண்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தாள்.